வேலையில் சேர்ந்த பிறகும் படித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

கேள்வி, பிப்ரவரி 3

நாற்பது வயதைத் தாண்டியாயிற்று. கணக்குப் பிரிவில் வேலை, நல்ல பெயரும் இருக்கிறது. போன வாரம் மதிப்பீட்டுக் கூட்டத்தில் மேலாளர் "இந்த வருஷம் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். என்ன சொல்வது? வேலையைச் செய்தேன், அவ்வளவுதான். இந்த "வாழ்நாள் முழுக்கக் கற்றல்" என்பதே கோர்ஸ் விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. வரிசையாகச் சான்றிதழ் வாங்கிக் குவித்தவரும் எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். இத்தனை வருஷ அனுபவம் சொல்லித்தராததையா ஒரு வீடியோ சொல்லித்தரப் போகிறது? மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. சான்றிதழைப் பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. அனுபவத்தைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

நானும் கணக்குப் பிரிவுதான். இந்த வேலையில் முதல் இரண்டு மூன்று வருஷம் எல்லாமே புதிதாக இருக்கும். எந்தச் செலவை எந்தத் தலைப்பில் போடுவது, ஆடிட்டர் எதைக் கேட்பார், மாதம் முடியும்போது எது கடைசி நேரத்தில் வந்து நிற்கும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அதற்கப்புறம் மாதங்கள் ஒன்றுபோலவே ஓட ஆரம்பித்துவிடும். கை தானாக வேலை செய்யும். வேகம் கூடும், பிழை குறையும், ஆனால் புதிதாக ஒன்றும் உள்ளே போகாது. அந்த நிலையில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தால் கிடைப்பது பத்து வருஷ அனுபவமா என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஹார்வர்ட் மருத்துவப் பள்ளி ஆய்வாளர்கள் 2005இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். மருத்துவர்கள் எத்தனை வருஷம் தொழில் செய்கிறார்கள், அவர்கள் தரும் சிகிச்சையின் தரம் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்ட 62 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், வருஷம் கூடக் கூட, அளந்துபார்த்த எல்லா விஷயத்திலும் தரம் இறங்கியிருந்தது. படிப்பிலும் பொறுப்பிலும் குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை இது. மருத்துவர்களுக்கே இப்படி என்றால் நாமெல்லாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிப்ரவரி 4

மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு ஒருவர், "அப்படியானால் வயதான டாக்டரிடம் போகாதே என்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளந்தது, புதிதாக வந்த மருத்துவ அறிவு அவருக்குத் தெரிந்திருக்கிறதா, இன்றைய வழிகாட்டுதலின்படி சிகிச்சை தருகிறாரா என்பதைத்தான். கல்லூரியில் படித்தது பழசாகிவிட்டது, அதைப் புதுப்பிக்க வேலைக்குள் ஓர் ஏற்பாடு இல்லை என்பதுதான் இதற்கு முக்கியக் காரணமாக எனக்குப் படுகிறது. ஓர் அறுவை சிகிச்சையை அடிக்கடி செய்கிற கை நன்றாகச் செய்கிறது என்பதும் உண்மைதான். அங்கே பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. எது நன்றாகப் போயிற்று, எது போகவில்லை என்று தெரிகிற இடத்தில் அனுபவம் கற்றுத்தருகிறது. தெரியாத இடத்தில் அது வெறும் பழக்கமாக உறைந்துபோகிறது. வருஷக் கணக்கை விட இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 6

சரி, என் கதையைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

நாற்பதை ஒட்டிய வயதில்தான் எஸ்க்யூஎல் கற்றுக்கொண்டேன், டேட்டாபேஸிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி அது. ஆசைப்பட்டு ஆரம்பித்தது இல்லை. எங்கள் நிறுவனத்தில் விற்பனை விவரம் எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். நமக்கு ஓர் அறிக்கை வேண்டுமென்றால் ஐடி பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள் எடுத்து அனுப்பும்போது மாத முடிவே தாண்டியிருக்கும். வந்த எக்செலில் ஒரு நெடுவரிசை விட்டுப்போயிருந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அந்த எரிச்சல்தான் எனக்குப் பாடம் எடுத்தது. படித்துப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு, எனக்குத் தேவையான ஒரே ஓர் அறிக்கையை நானே எடுப்பது என்று உட்கார்ந்தேன்: எந்த இன்வாய்ஸுக்கு எவ்வளவு பணம் வந்திருக்கிறது, எவ்வளவு பாக்கி.

இன்வாய்ஸ் ஒரு டேபிள், வசூல் ஒரு டேபிள். இரண்டையும் இன்வாய்ஸ் எண்ணை வைத்து ஜாயின் செய்தால், அதாவது ஒன்றோடொன்று இணைத்தால், போதும் என்றுதான் எந்தப் பாடத்திலும் சொல்வார்கள். செய்தேன், மொத்தம் வந்தது. லெட்ஜரில் இருக்கும் விற்பனையைவிட அது அதிகமாக இருந்தது. புரோகிராம் எழுதத் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால் குவரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓடிவிட்டது, வேலை முடிந்தது என்று போயிருக்கலாம். கணக்குக்காரருக்கு லெட்ஜரோடு ஒத்துவராத எண் தூக்கத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு வரியாகப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. 900க்கு ஓர் இன்வாய்ஸ், வாடிக்கையாளர் 500 ஒரு தடவை, 400 ஒரு தடவை என்று இரண்டு தவணையில் கட்டியிருக்கிறார். வசூல் டேபிளில் இரண்டு வரி இருப்பதால் ஜாயின் செய்ததும் அந்த இன்வாய்ஸும் இரண்டு முறை வந்து நிற்கிறது. கூட்டினால் 900 என்பது 1,800 ஆகிவிடுகிறது. வசூலை முதலில் இன்வாய்ஸ் வாரியாகக் கூட்டி ஒரே வரியாக்கிவிட்டு அப்புறம் சேர்த்தால் சரியாக வந்தது.

இதை எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், அன்று கற்றது இன்றுவரை மறக்கவில்லை. எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்தது எதுவும் மனதில் இல்லை. அதில் வந்த உதாரணங்கள் எல்லாம் யாரோ கற்பனையாகப் போட்ட டேபிள்கள், விடை சரியா தவறா என்று எனக்குக் கவலையே இல்லாதவை. கையில் இருக்கும் பிரச்சினை, விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி, அடுத்த மாதமே அதைத் திரும்பச் செய்ய வேண்டிய கட்டாயம், இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் என் தொழிலில் எனக்குப் பயன்பட்ட எல்லாமே வந்தது.

அதன் பிறகு என் வேலையே மாறியது. பதவிப் பெயர் மாறச் சில காலம் ஆயிற்று, அது வேறு. ஆனால் கூட்டங்களில் "இதை எடுத்துப் பார்க்க முடியுமா" என்று என்னைப் பார்த்துக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்களுக்குக் கணக்கும் தெரிந்து டேட்டாவும் எடுக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. முதலாவது எனக்கு ஏற்கெனவே இருந்ததால்தான் இரண்டாவதற்கு விலை கிடைத்தது.

பிப்ரவரி 7

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று யாராவது எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தேன், எழுதிவிட்டார்கள்.

வளையும். லண்டனில் டாக்சி ஓட்டுநர் உரிமம் வாங்க நகரத்தின் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், அதற்கு மூன்று நான்கு வருஷம் தயாராவார்கள். எலினார் மக்வயரும் கேத்ரின் வூலெட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் பயிற்சியில் சேர்ந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் செய்து, பல வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்தார்கள். 39 பேர் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். அவர்களுக்கு மட்டும், மூளையில் இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேர்ச்சி பெறாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. ஆரம்பத்தில் இரு பிரிவினரின் மூளைக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எல்லோரும் வளர்ந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள் இல்லை.

வயதால் எதுவும் குறையாது என்று சொல்ல மாட்டேன். புதிய தகவலை வேகமாகப் பிடித்து வேலை செய்யும் திறன் இருபது வயதை ஒட்டியே உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பிக்கிறது. சொல்வளம் போன்றவை நடு வயதையும் தாண்டி ஏறிக்கொண்டே போகின்றன. 2015இல் ஹார்ட்ஷோர்ன், ஜெர்மைன் இருவரும் ஆயிரக்கணக்கானவர்களின் சோதனை முடிவுகளை வைத்து இதைக் காட்டினார்கள். எல்லாத் திறனும் சேர்ந்து உச்சத்தில் இருக்கும் வயது என்று ஒன்றே கிடையாது.

என் அனுபவத்தில் ஐம்பதில் வளையாமல் தடுப்பது மூளையை விட, நேரமும் கூச்சமும்தான். இருபத்துநான்கு வயதுப் பெண்ணிடம் போய் "இதை எனக்குச் சொல்லித்தாம்மா" என்று கேட்க ஒரு மூத்தவருக்கு எவ்வளவு தயக்கம் வருகிறது என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டவர்கள் யாரும் அதனால் மரியாதை இழக்கவில்லை. அந்தப் பெண்ணும் பதிலுக்கு அவரிடம் வந்து ஆடிட்டரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்க ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 9

ஆன்லைன் கோர்ஸ் பற்றிக் கேட்டவருக்கு.

2012ஐ ஒட்டிய காலத்தில் இனிமேல் பல்கலைக்கழகமே தேவையில்லை என்கிற அளவுக்குப் பேச்சு இருந்தது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டபோது 1,60,000 பேர் பதிவு செய்திருந்தார்கள். பின்னர் எட்எக்ஸ் என்ற இணையத் தளத்தில் ஹார்வர்ட், எம்ஐடி நடத்திய பாடங்களின் ஆறு வருஷத் தரவை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கும் மேல், 52 சதவீதம் பேர், பாடத்துக்குள் ஒரு தடவைகூட நுழையவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்தை ஒட்டித்தான்.

இதைச் சொல்லிக் கோர்ஸையே ஏளனம் செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். அதே தரவில், பணம் கட்டிச் சரிபார்த்த சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் முடித்திருக்கிறார்கள். அப்புறம், முடிப்பது என்பதே சரியான அளவுகோலா என்று தெரியவில்லை. எனக்கு ஒரு கோர்ஸில் நான்காம் அத்தியாயம் மட்டும் வேண்டும் என்றால் அதை மட்டும் படித்துவிட்டு வருவேன். அது பாதியில் விட்ட கணக்கில் சேரும், ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரு கோர்ஸை எடுக்கும் முன் நான் என்னையே கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இதை வைத்து அடுத்த வாரம் எந்த வேலையைச் செய்யப் போகிறேன்? பதில் இல்லையென்றால் பணம் கட்டுவதில்லை.

பிப்ரவரி 9, பிற்பகல்

வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். பாருங்கள், ஆனால் மூடிவைத்துவிட்டுப் பார்த்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த சோதனை இது. ஒரு பகுதியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள், சிலர் ஒரு முறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் இரண்டு முறை படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு 42 சதவீதம்தான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரியும்" என்று ஒரு உணர்வு வரும், அதை நம்பக் கூடாது.

இன்னொன்று, "நான் கண்ணால் பார்த்துக் கற்கிற வகை, எனக்கு வீடியோதான் ஒத்துவரும்" என்று சொன்னவருக்கு: ஆளுக்கு ஒரு கற்றல் பாணி, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாக ஏறும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே உளவியலாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு வீடியோ பிடிக்கும் என்றால் அது போதுமான காரணம், பாருங்கள். ஆனால் வாசித்தால் ஏறாது என்று நீங்களே ஒரு கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "இதெல்லாம் எப்போது செய்வது? வேலை முடிந்து வீட்டுக்குப் போய் ராத்திரியிலா?" என்று கேட்டிருக்கிறார். இந்த இடத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

இதைப் பற்றிப் பேசாமல் வாழ்நாள் கற்றல் என்று அறிவுரை சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கருத்தை உலக அளவில் முன்வைத்தபோது, கற்பது ஒவ்வொரு மனிதருக்கும் வாழ்நாள் முழுக்கக் கிடைக்க வேண்டிய வாய்ப்பு, அதற்குச் சமூகம் வழி செய்ய வேண்டும் என்ற தொனியில்தான் பேசினார்கள். இரண்டே வருஷத்தில், 1974இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சம்பளத்தோடு கல்வி விடுப்பு தருவதற்கென்றே 140ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வேலை நேரத்தில், பண இழப்பு இல்லாமல் படிக்கப் போவது என்பதுதான் அதன் பொருள். இன்று பல அலுவலகங்களில் அது "உன்னை நீயே புதுப்பித்துக்கொள், இல்லாவிட்டால் உன் பாடு" என்று மாறி நிற்கிறது. வாய்ப்பாக ஆரம்பித்தது தனிமனிதர் தலையில் சுமையாக வந்து இறங்கியிருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் விடுமுறை நாளில் கட்டாயப் பயிற்சி வைப்பார்கள். வந்தவர்கள் பாதிப் பேர் பின்வரிசையில் மெயிலுக்குப் பதில் போட்டுக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒரு சக ஊழியரால் வர முடியவில்லை, அது அவருடைய மதிப்பீட்டில் "ஆர்வம் குறைவு" என்று ஏறியது. அவர்தான் அந்தப் பிரிவிலேயே அதிகம் கேள்வி கேட்பவர், புதிதாக எதையாவது முயன்று பார்த்துக்கொண்டே இருப்பவர். இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அதனால் என் பரிந்துரை, மேலாளர் அடுத்த முறை "என்ன கற்றுக்கொண்டீர்கள்" என்று கேட்டால், "வேலை நேரத்தில் வாரம் எத்தனை மணி நேரம் அதற்கு ஒதுக்கலாம்" என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள். எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது. அவர் கேட்டது உண்மையான அக்கறையா, படிவத்தில் நிரப்ப ஒரு வரியா என்று அப்போதே தெரிந்துவிடும். நல்ல மேலாளராக இருந்தால் அவருக்கே இப்படி ஒருவர் கேட்பது பிடிக்கும்.

பிப்ரவரி 15

கற்றதை விடுவதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கணக்கில் எனக்குப் பெரிய சிரமமாக இருந்தது அதுதான்.

2019 ஜனவரி 1 முதல் குத்தகைகளுக்கான சர்வதேசக் கணக்கு விதி ஐஎஃப்ஆர்எஸ் 16 நடைமுறைக்கு வந்தபோது நினைவிருக்கும். அதுவரை அலுவலக வாடகை என்றால் மாதாமாதம் செலவில் எழுதிவிட்டுப் போவோம், பெரும்பாலான குத்தகைகள் பேலன்ஸ் ஷீட் பக்கமே வராது. புது விதிப்படி குத்தகைக்கு எடுத்தவர், அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமையை ஒரு சொத்தாகவும், இனிக் கட்டப்போகும் வாடகையை இன்றைய மதிப்பில் கணக்கிட்டு ஒரு கடனாகவும் காட்ட வேண்டும். சிறிய தொகை, குறுகிய காலக் குத்தகை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு இதுதான் முதல் பாடம். நல்ல தேர்ச்சி உள்ள மூத்தவர்கள்தான் திணறினார்கள். "சொந்தமே இல்லாத கட்டடம் எப்படிச் சொத்தாகும்" என்ற கேள்வி எங்கள் பிரிவில் மாதக்கணக்கில் ஓடியது. உரிமையாளர் யார் என்பதை விட, யார் கட்டுப்பாட்டில் வைத்துப் பயன் அடைகிறார் என்பதைப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் பொறுமையாகப் பலகையில் வரைந்து காட்டிய பிறகுதான் வாதம் அடங்கியது.

இது எங்கள் தொழிலுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். வயிற்றுப் புண்ணுக்கு மன அழுத்தமும் அமிலமும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த காலத்தில், பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்கு ஒரு பாக்டீரியா காரணம் என்றார்கள். யாரும் எளிதில் ஏற்கவில்லை. மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டும் அளவுக்குப் போக வேண்டியிருந்தது. நோபல் பரிசு 2005இல்தான் வந்தது. நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் மாற்றிக்கொள்வது கடினம், அதனால் மூத்தவர்களைக் குறை சொல்லாமல் அவர்களுக்குக் காரணத்தை விளக்க நேரம் கொடுக்க வேண்டும். "இனிமேல் இப்படித்தான்" என்று ஒரு சுற்றறிக்கை போட்டால் கை மாறும், புரிதல் மாறாது.

பிப்ரவரி 20

ஏஐ. வந்தே தீரும் என்று தெரியும்.

"இப்போது குவரியை அதுவே எழுதித் தருகிறது, நீங்கள் சிரமப்பட்டுக் கற்றது வீண்தானே" என்று ஒரு தம்பி கேட்கிறார். மேலே சொன்ன அதே இன்வாய்ஸ், வசூல் கேள்வியை நானும் ஒரு ஏஐ கருவியிடம் கொடுத்துப் பார்த்தேன். தவணை விஷயத்தைச் சொல்லாமல் கேட்டபோது, இன்வாய்ஸ் இரண்டு முறை வருகிற அதே குவரி வந்தது. ஒரே இன்வாய்ஸுக்குப் பல வசூல் வரலாம் என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டதும் சரியாகத் திருத்திக் கொடுத்தது, அதுவும் நான் எழுதுவதை விட நேர்த்தியாக. ஆக, அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், வந்த மொத்தத்தை லெட்ஜரோடு ஒப்பிட்டுப் பார்க்கவாவது தோன்ற வேண்டும். நாளைக்கு அது தானே கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு வரலாம், அப்போது எனக்குத் தெரிய வேண்டியது வேறொன்றாக இருக்கும்.

1979இல் விசிகால்க் என்ற ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள் வந்தபோதும் இப்படி ஒரு கட்டம் இருந்தது. அதற்கு முன் ஓர் எண்ணை மாற்றினால் பக்கம் முழுக்க அழித்து எழுத வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட் வந்ததும் கூட்டல் கழித்தலை மட்டும் நம்பியிருந்த வேலைகள் தேய்ந்தன. விலையை இவ்வளவு உயர்த்தினால் என்ன ஆகும், வட்டி ஏறினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை பெருகியது. அப்போது தடுமாறியவர்களைப் பற்றியும் யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களில் பலர் சோம்பேறிகள் இல்லை, அந்தக் கருவியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்கள் மேசைக்கு வரவில்லை. 13ஆம் தேதி எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 24

6ஆம் தேதியும் 9ஆம் தேதியும், அடுத்த வாரம் பயன்படுவதை மட்டும் கற்றால் போதும் என்பதுபோல எழுதியிருந்தேன். ஒரு வாசகி அதை மறுத்து எழுதியிருக்கிறார். யோசித்துப் பார்த்ததில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் என்ற விதி கருவிகளுக்குப் பொருந்தும். மென்பொருளின் புதுப் பதிப்பு, ஒரு படிவம் நிரப்பும் முறை, இவற்றைத் தேவை வரும்போது கற்றால் போதும். முன்கூட்டிக் கற்றாலும் பயன்படுத்தும் நேரத்தில் மாறியிருக்கும். ஆனால் சில விஷயங்கள் மாறுவதே இல்லை. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் எழுதும் இரட்டைப் பதிவு முறையை இத்தாலியக் கணிதர் பாசியோலி 1494இல் அச்சில் விளக்கினார். இன்று கம்ப்யூட்டரில் ஓடும் எந்தக் கணக்கு மென்பொருளின் அடியிலும் பற்று வரவு என்ற அதே முறைதான் இருக்கிறது. எஸ்க்யூஎல்லுக்கு அடிப்படையான, தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாதிரியை எட்கர் காட் 1970இல் எழுதினார், அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கிறது. புள்ளியியலில் சராசரி எப்போது ஏமாற்றும் என்று தெரிந்துகொள்வது, ஒரு பக்கக் குறிப்பைத் தெளிவாக எழுதுவது, எதிரில் இருப்பவர் சொல்வதை முழுக்கக் கேட்பது, இவற்றுக்கெல்லாம் அடுத்த வாரம் பலன் தெரியாது. மெதுவாகத்தான் ஏறும், ஏறினால் இறங்காது. இவற்றுக்கு ஒரு நல்ல புத்தகமும் நிதானமும் வேண்டும், சில சமயம் ஒரு முறையான படிப்பேகூட வேண்டும். அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும் என்று அவர் சொன்னது சரி.

அவர் இன்னொன்றும் சொல்கிறார்: வேலைக்குச் சம்பந்தமே இல்லாமல் இந்த வயதில் வீணை கற்கிறாராம், அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்கிறார். வேலைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது அவருடையது.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் நேற்று எழுதியதைப் படித்தேன், மகிழ்ச்சி. மேலாளர் வாரத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார். எங்கே ஆரம்பிப்பது, எஸ்க்யூஎல்லா, புரோகிராம் மொழியான பைத்தானா, அறிக்கையும் வரைபடமும் போடும் பவர் பிஐயா என்று கேட்கிறார்.

கருவியிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். போன இரண்டு மாத முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் வேறொருவருக்காகக் காத்திருந்தீர்கள், எந்த எண்ணை ஏன் என்று தெரியாமல் அப்படியே ஒட்டினீர்கள் என்று குறித்துப் பாருங்கள். டேட்டா டேட்டாபேஸில் இருந்து அதற்காகக் காத்திருந்தால் எஸ்க்யூஎல். ஏற்கெனவே எக்செலில் வந்துவிடுகிறது, ஆனால் மாதாமாதம் அதே வெட்டல் ஒட்டல் என்றால் முதலில் எக்செலிலேயே இருக்கும் பவர் குவரியைப் பாருங்கள், பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. பைத்தான் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே சரியான விடை தெரிந்த ஒரு மாதத்தை எடுத்துக்கொண்டு அதைப் புது முறையில் செய்து பாருங்கள், ஜனவரி முடித்தாயிற்று என்றால் ஜனவரியே போதும். மொத்தம் ஒத்துவராவிட்டால் எந்த வரியில் பிரிகிறது என்று தேடி, குவரியையும் இரண்டு டேபிளிலிருந்து சில வரிகளையும் இங்கே போடுங்கள். வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.